வட்டு பிதுங்கிய இடுப்போடு இரண்டு வருட உடற்பயிற்சி

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கும்போது இடுப்பில் சுளீர் என்று ஒரு வெட்டு. சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் வலி இடது காலில் கெண்டைச்சதை வரை இறங்கியது. எல்4-எல்5 வட்டு, அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் தட்டு, பிதுங்கி நரம்பை உரசுகிறது என்றது எம்.ஆர்.ஐ. அறிக்கை.

அறிக்கையைப் பார்த்து மிரண்டுதான் போனேன். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில்கூட சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், படுத்தே கிடக்கவும் வேண்டாம், நடங்கள் என்றார் டாக்டர்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தவை மூன்றே பயிற்சிகள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பியவை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, இடுப்பு வளைவுக்கு அடியில் கைகளை வைத்துத் தலையையும் தோளையும் லேசாக எழுப்புவது ஒன்று. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடம்பை நேராக எழுப்பி நிறுத்தும் பக்கவாட்டுப் பிளாங்க் இரண்டாவது. முதல் மாதம் முட்டியை ஊன்றித்தான் செய்ய முடிந்தது. மூன்றாவது, தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டும் ‘பேர்ட் டாக்’. ஒவ்வொன்றும் 10 நொடி. முதலில் 6 முறை, பிறகு 4, பிறகு 2. மொத்தம் கால் மணி நேரம். வேர்வைகூட வராது. இதுக்கா ஃபீஸ் என்று முதல் மாதம் முழுக்க முணுமுணுத்தேன். ஆறாவது வாரத்தில் பைக்கில் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கியபோது பல்லைக் கடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பயிற்சியைவிடப் பெரிய மாற்றம் நேரத்தில் வந்தது. இரவெல்லாம் படுத்திருக்கையில் வட்டு நீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது. காலையில் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் கூடுதல். நானோ வருடக்கணக்காக ஐந்தரை மணிக்கு எழுந்ததும் சூரிய நமஸ்காரம் செய்தவன். அதை மாலைக்கு மாற்றினேன்; அதிலும் முன்னால் குனியும் நிலையை விட்டுவிட்டேன். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதே இல்லை. இந்தியன் டாய்லெட்டையும் கைவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடு. இடுப்புக்குப் போடும் பெல்ட்டை நீண்ட பஸ் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். யோகா மேட் தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைத்தது தப்பு. மெத்தென்ற மேட்டில் பேர்ட் டாக் செய்தால் உடம்பு ஆடுகிறது. 6 மில்லிமீட்டர் போதும்.

எட்டாவது மாதம் சறுக்கினேன். வலி சுத்தமாக இல்லை. தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டில் “இன்னும் பத்து கிலோ போடலாம் சார்” என்றார் ஜிம் பயிற்சியாளர். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, எனக்கும் ஆசை. இரண்டு வாரம் மறுபடி நொண்டினேன்.

திரும்பத் தொடங்கியபோது துடைப்பக் கட்டையிலிருந்து தொடங்கினேன். கட்டை தலை, நடுமுதுகு, புட்டம் மூன்றிலும் ஒட்டியிருக்க, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கப் பழகுவது. அப்புறம் 8 கிலோ கெட்டில்பெல், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. இப்போது டெட்லிஃப்ட்டில் 40 கிலோ, அதுவும் தரையிலிருந்து எடுப்பதில்லை. உயரத்துக்காக பிளாக் கட்டை மேல் வைத்துத்தான். அதோடு சரி.

பயிற்சியின்போது வலி காலை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுவேன். காலிலிருந்து விலகி இடுப்புக்கு ஏறி வந்தால் பெரும்பாலும் நல்ல அறிகுறி என்றார் பிசியோ. ஆனால் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ பயிற்சி, மேட் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

“ஜிம்ல நாற்பது கிலோ தூக்குறீங்க, இருபது கிலோ கேனுக்குப் பயமா?” என்று மனைவி கேலி செய்கிறாள். பயம்தான். கேன் வழுக்கும், உள்ளே தண்ணீர் அலம்பும், குனிந்து தூக்கி, திரும்பிக் கவிழ்க்க வேண்டும். கேன் வாயில் மாட்டுகிற சின்ன சார்ஜ் பம்ப் ஒன்று வாங்கியாயிற்று. கேன் தரையிலேயே நிற்கிறது.