பாறை, கனிமப் பெட்டி: கற்கள் அருமை, கையேட்டைத்தான் திருத்த வேண்டும்

சிறுவர்களுக்கான பாறைப் பெட்டிகளில் பெரும்பாலானவை மெருகேற்றிய கூழாங்கற்களை வைத்து ஏமாற்றிவிடும். பளபளப்பாக்கிய கல்லில் படிக முகம் தெரியாது, பிளந்த தளம் தெரியாது, தூளின் நிறமும் சரியாக விழாது. ஒன்பது கனிமங்களும் ஆறு பாறைகளும் கொண்ட இந்தப் பெட்டியில் ஒன்றைத் தவிர எல்லாமே உடைத்த நிலையிலேயே இருக்கின்றன. இதை வாங்குவதற்கு முதல் காரணம் அதுதான். கால்சைட்டை வெளிச்சத்தில் திருப்பினால் சாய்ந்த கட்டம்போல் மூன்று திசைகளில் பிளந்திருப்பது தெரியும். பக்கத்தில் குவார்ட்ஸை வைத்துப் பாருங்கள்: உடைந்த கண்ணாடிபோல் வளைவு வளைவாக இருக்கும், தட்டையான பிளவே கிடையாது. நிறம் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு என்று எட்டு வயதுக் குழந்தையே சொல்லிவிடும்.

மெருகேற்றி வந்திருக்கும் அந்த ஒன்று 'டர்க்காய்ஸ்' என்று பெயரிட்ட நீலக்கல். ஆணியால் கீறினால் உள்ளே வெள்ளை தெரிகிறது. அது சாயம் ஏற்றிய மலிவான கல். அந்தப் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, சாயக் கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டப் பயன்படுத்தலாம்.

கடினத்தன்மைச் சோதனைக்கு ஓர் இரும்பு ஆணி, ஒரு கண்ணாடித் துண்டு, மெருகிடாத பீங்கான் தட்டு மூன்றும் இருக்கின்றன. ஜெர்மன் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் எண் கூடக்கூடக் கடினம் கூடும்: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. விரல் நகம் ஏறக்குறைய 2.5 என்பதால் ஜிப்சத்தைக் கீறும், கால்சைட்டைக் கீறாது. இங்கே எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடியைவிட மென்மையான கால்சைட்டை அதன்மேல் அழுத்தி இழுத்தாலும் வெள்ளைக் கோடு விழும். உடனே "கண்ணாடியைக் கீறிவிட்டது" என்று குழந்தை எழுதிக்கொள்ளும். ஈர விரலால் அந்தக் கோட்டைத் துடைத்துப் பாருங்கள். அழிந்தால் அது கால்சைட்டின் தூள். அழியாமல் நகத்தில் தட்டுப்பட்டால்தான் உண்மையான கீறல். கையேட்டில் இந்த ஒரு வரி இல்லாதது பெரிய குறை. கண்ணாடியைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் கிடத்தி வைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லவில்லை.

பெட்டியின் உச்சம் பீங்கான் தட்டுதான். கறுத்து மின்னும் ஹேமடைட்டைத் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு வரும். தங்கம்போல் மஞ்சளாக மின்னும் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். மேல் நிறத்தை நம்பக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. குவார்ட்ஸ் மட்டும் தட்டையே கீறிவிடும். அங்கே விழும் வெள்ளைத் தூள் தட்டுடையது.

வினிகர் சோதனையில் கையேடு கல்லின் மேலேயே ஒரு சொட்டு விடச் சொல்கிறது. வினிகர் வீரியம் குறைந்த அமிலம், அப்படி விட்டால் குமிழி தெரிவது கடினம். சுண்ணாம்புக்கல்லை ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் தூளாக்கி, அதன்மேல் விட்டு லென்ஸில் பாருங்கள், நுரைப்பது நன்றாகத் தெரியும். பளிங்கும் அப்படியே, இரண்டும் கால்சைட்தானே. சில மணற்கற்களும் நுரைக்கும். மணலை ஒட்டவைத்திருக்கும் பசை கால்சைட்டாக இருப்பதே காரணம். நுரைக்கல்லை (பியூமிஸ்) தண்ணீரில் மிதக்கவிடும் பகுதி எளிது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியில் உள்ள பூமியின் மாதிரி உருவம்தான் ஏமாற்றம். 12 செ.மீ. விட்டமுள்ள பந்தில் மேலோடு 6 மி.மீ. தடிமன். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால், இந்த அளவில் 1 மி.மீ. என்பது சுமார் 106 கி.மீ. மலைத்தொடர்களுக்கு அடியில் ஏறக்குறைய 70 கி.மீ. வரை போகும் மேலோடுகூட 1 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். கடலடி மேலோடு ஒரு தாளின் தடிமன்தான். அதைவிட மோசம், மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசத்தை உருகிய குழம்புபோல் வரைந்திருப்பது. கவசம் பெரும்பாலும் திடப் பாறை, மிக மெதுவாக நகர்வது. திரவமாக இருப்பது சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உள்ள வெளிக்கருவம், அதாவது பூமியின் மையக் கருவின் வெளி அடுக்கு. அங்கே சுழலும் இரும்பிலிருந்துதான் பூமியின் காந்தப்புலம் வருகிறது.

மண்ணில் மணல், வண்டல், களிமண் எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக் குழாய் தரமானது, ஆனால் 15 நிமிடத்தில் அளக்கச் சொல்வது தவறு. மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மேலே தண்ணீரும் ஒரு துளி பாத்திரச் சோப்பும் விட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் படிந்துவிடும், அங்கே ஒரு கோடு. இரண்டு மணி நேரத்தில் வண்டல், அடுத்த கோடு. 0.002 மி.மீ.க்கும் சிறிய களிமண் துகள் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மொத்தப் படிவு 60 மி.மீ. உயரமாகவும் மணல் 24 மி.மீ. ஆகவும் இருந்தால் மணல் 40 சதவீதம். மேலே மிதக்கும் வேர்த்துண்டுகளையும் சருகையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.