இருபது மாடியா, ஆறு மாடியா, அப்படியே கிடக்கட்டுமா?

நகர மையத்தில் ஒரு மனைக்கு அடுக்குமாடித் திட்டம் வந்ததும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சண்டை மாடிக் கணக்கில்தான் தொடங்கும். பில்டர் 20 என்பார். அக்கம்பக்கத்தார் ஆறுக்கு மேல் கூடாது என்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எதுவுமே வேண்டாம் என்பார். மூன்றையும் ஒரே மனையில் வைத்துப் பார்த்தால்தான் யாருடைய ஆட்சேபம் எதன்மீது என்று பிடிபடும்.

மனை 80-க்கு 50 மீட்டர், அதாவது 4,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3 என்றால் 12,000 சதுர மீட்டர் கட்டலாம். மாடிக்கு 600 வீதம் 20 மாடி கட்டினாலும் அதே 12,000. மாடிக்கு 2,000 வீதம் ஆறு மாடி கட்டினாலும் அதே 12,000. லிஃப்ட், படிக்கட்டு, நடைவழி எல்லாம் போக இரண்டிலும் ஏறத்தாழ 120 வீடுகள் தேறும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை ஆய்வாளர்கள் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960-களிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: மனையின் ஓரத்தைச் சுற்றிக் கட்டி நடுவே முற்றம் விட்டால், தனியாக நிற்கும் கோபுரத்தின் தளப்பரப்பை அதைவிடப் பல மடங்கு குறைந்த உயரத்திலேயே எட்டிவிடலாம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 120 வீட்டில் 360 பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 54,000 லிட்டர் தண்ணீர். அவர்கள் ஆறு மாடியில் இருந்தாலும் இருபதில் இருந்தாலும் அதே தண்ணீர்தான், அதே கழிவுநீர்தான். பாதாளச் சாக்கடை தாங்காது, பள்ளியில் இடம் போதாது என்பவர்கள் மாடியைக் குறைக்கச் சொல்வது குறி தவறிய அம்பு. அவர்கள் பேச வேண்டியது எஃப்எஸ்ஐ பற்றி. கூட்டங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால்தான் மணிக்கணக்கில் பேசியும் ஒன்றும் நகர்வதில்லை.

உயரத்தால் மட்டுமே வரும் தொல்லைகள் வேறு. சூரியன் 30 பாகையில் இருக்கும்போது 60 மீட்டர் கோபுரத்தின் நிழல் 100 மீட்டரைத் தாண்டி விழும். 19 மீட்டர் கட்டடத்தின் நிழல் 33 மீட்டரோடு நின்றுவிடும். ஆனால் கோபுர நிழல் ஒல்லியானது, சீக்கிரம் நகர்ந்துவிடும். குட்டைக் கட்டடத்தின் நிழல் அகலமாக அதே தெருவில் படுத்துக்கிடக்கும். இதைப் பில்டர் சொன்னாலும் உண்மை உண்மைதான். காற்று அப்படியல்ல. உயரமான சுவரில் மோதும் காற்று கீழே இறங்கி நடைபாதையில் வீசும். அதை நிறுத்த அடியில் அகலமான தளம் வேண்டும். தீ விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்துக்கு 24 மாடிகள், தப்பிக்க ஒரே படிக்கட்டு. 2017 ஜூனில் வெளிச்சுவரில் பொருத்திய எரியும் தகடுகள் வழியே தீ பரவியதில் 72 பேர் இறந்தார்கள். தீயணைப்பு ஏணி எட்டாத உயரத்தில் வீடு கட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது படிக்கட்டு எங்கே என்பதைத்தான்.

கோபுரத்துக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படுவது, "மனையில் 85 சதவீதம் திறந்தவெளி". விளம்பரப் படத்தில் அது புல்வெளி. கட்டி முடித்த பிறகு போய்ப் பார்த்தால் தீயணைப்பு வண்டிப் பாதை, டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கார் இறங்கும் சரிவு, சுற்றிலும் மதில், வாசலில் காவலாளி. தெருவில் நடப்பவருக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை.

பார்க்கிங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கட்டடத்தின் முகத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு காருக்கு வந்துபோகும் வழியையும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்றாலே 3,600 சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய மனை முழுவதையும் தோண்ட வேண்டும். வீட்டுக்கு இரண்டு என்று விதி இருந்தால் இரண்டு பேஸ்மென்ட். தோண்டக் காசில்லையென்றால் அவ்வளவும் தரைக்கு மேலே வரும். தெருவைப் பார்த்து ஜன்னலே இல்லாத நான்கு மாடிச் சுவர் எழும். கார் இல்லாதவரும் வீட்டு விலையில் அதற்குக் காசு கட்டுவார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லும் மினியாபொலிஸ் 2021-லும் குறைந்தபட்சப் பார்க்கிங் விதியை எடுத்துவிட்டன. கார்கள் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. தெருவில் நிறுத்துவது இலவசமாக இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும்.

ஆறு மாடிக்காரர்களும் சிலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் 80-க்கு 50 மனையில் நடு முற்றத்துக்கு 18 மீட்டர் அகலம் தேறினாலே பெரிது. முதல் மாடி வீட்டுக்கு வெளிச்சம் குறைவு. எதிர்வீட்டு அடுப்பங்கரையில் என்ன வேகிறது என்பதுவரை தெரியும். மூலை வீடுகளை விற்பது கஷ்டம். மறுபக்கம் கட்டுமானச் செலவும் லிஃப்ட் பராமரிப்பும் குறைவு. கீழே கடைகளும் வாசல்களும் தெருவை நேராகப் பார்க்கும். உயரமில்லாமல் நெருக்கமாக வாழ முடியாது என்பவர்களுக்குப் பாரிஸே பதில். 1973-ல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரத்தைப் பார்த்து வெறுத்துப்போன அந்த நகரம் 1977-ல் உயர வரம்பு விதித்தது. இன்றும் அது ஐரோப்பாவின் நெருக்கமான நகரங்களில் ஒன்று.

"எதுவுமே வேண்டாம்" என்பது செலவில்லாத தேர்வு போலத் தோன்றும். வரவிருந்த 120 குடும்பங்கள் மாயமாகிவிடாது. வசதியுள்ளவர்கள் அதே பகுதியின் பழைய வீடுகளுக்கு வாடகையை ஏற்றுவார்கள். அங்கிருந்தவர்கள் ஊர் எல்லைக்குப் போய், அங்கிருந்து தினமும் அதே மையத்துக்கு வண்டியில் வருவார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தபின் கட்டுமானம் வேகமெடுத்தது. வரப்போகிறவர்கள் யாரும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தவர்களெல்லாம் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள்.

மோசமான முடிவு இந்த மூன்றில் எதுவுமில்லை, சமரசம் என்ற பெயரில் வருவது. 20 மாடி 16 ஆகி, பிறகு 13 ஆகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நிற்கும். மதில், செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் இடம்), பார்க்கிங் சுவர் எல்லாம் அப்படியே இருக்க, வீடுகள் மட்டும் குறைந்திருக்கும்.

என் ஓட்டு ஆறு மாடிக்கு, பார்க்கிங் விதியைத் தளர்த்தினால். மனை ரயில் நிலையத்தை ஒட்டி இருந்து, எஃப்எஸ்ஐ 5, 6 என்று போனால் ஆறு மாடியில் அடங்காது. அங்கே கோபுரத்துக்குச் சம்மதிப்பேன். அப்போதும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து எத்தனை வாசல்கள், எத்தனை படிக்கட்டுகள், காற்றுச் சோதனை அறிக்கை எங்கே.