காரைக்குடிப் பழைய சாமான் கடைப் பல்லாங்குழி: எல்.கே.ஜி. பிள்ளைக்கு எதை வாங்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பல்லாங்குழி தேடுகிறவர்கள் பழைய வீட்டு ஒற்றைக் கட்டையைக் கேளுங்கள். மடக்கும் மீன் வடிவக் கட்டை பார்க்க அழகு, அலமாரியிலும் அடங்கும். ஆனால் குழி ஆழமில்லை. பத்துப் புளியங்கொட்டை போட்டு லேசாகச் சாய்த்தாலே சிதறிவிடும். கீல் இடுக்கில் சின்ன விரலும் மாட்டும்.

பழையதையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கவிழ்த்துத் தட்டும்போது மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்த மரம், வேண்டாம். பழைய பெயின்ட் பூசியதையும் விட்டுவிடுங்கள். அதில் ஈயம் இருக்கலாம், பிள்ளை கையோ வாயில் இருக்கும். சிராய்க்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

கடையில் சேர்த்துத் தரும் முத்துகளைக் கொட்டிப் பாருங்கள். முழுச் சிவப்பு மஞ்சாடி. சிவப்பில் கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி. அது விஷம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது. சமையற்கட்டுப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்குள் அதுவும் கூடாது.

குழிக்கு 12 போடும் பெரியவர்கள் ஆட்டத்தில் தொடங்கினால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். முதலில் ஒரு வரிசை, ஏழு குழி. ஒன்றில் 1, அடுத்ததில் 2 என்று ஏழு வரை: மொத்தம் 28 கொட்டை. அது பழகியபின் 14 குழிக்கும் ஐந்தைந்து, 70. குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளுகிறோமே, அந்த விதி இந்த வயதுக்கு அருமையானது: ஆட ஆட, எண்ணாமலே நான்கைக் கண் பிடித்துவிடும். உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ப்பது பென்சில் பிடிக்கும் விரல்களுக்கும் பயிற்சி. மொத்தமாகக் கொட்டுகிற பிள்ளைக்குக் கையில் மூன்று மட்டும் கொடுங்கள்.

எண்ணோ படமோ எதுவும் அச்சிடாத வெறும் மரம் என்பதுதான் இதில் எங்களுக்கு மிகப் பிடித்தது. ஆட்டம் முடிந்ததும் கொட்டையை உடனே வாங்கி வைத்துவிடாதீர்கள். குழி இட்லித் தட்டாகும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதி) பிள்ளை பூவின் கோட்டோடு கொட்டையை அடுக்கும். பிறகு கோட்டை விட்டு வெளியே வந்து, தானே ஒரு பூப் போடும். அந்த நேரத்தில் ஆயாவோ ஐயாவோ (பாட்டி, தாத்தா) “எத்தனை, சொல்லு?” என்று பாடம் கேட்டால் கை நின்றுவிடும். “என்னப்பா செஞ்சிருக்க?” என்று கேட்டால் சொல்லிக்கொண்டே போகும்.

எடுத்து வைக்கும்போது 70-ம் இருக்கிறதா என்று பிள்ளையையே எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.