அங்கோனாவில் சாய்சதுர மீன்

இத்தாலியின் அங்கோனா துறைமுகத்தை ஒட்டிய சந்தில், பத்து மேசை மட்டும் போட்ட உணவகம். பட்டியலில் ‘ரோம்போ அல் ஃபோர்னோ’ (அடுப்பில் சுட்ட ரோம்போ) என்று பார்த்ததும் மகள் நிமிர்ந்தாள். “அம்மா, ரோம்போன்னா சாய்சதுரம். போன வாரம்தான் ஸ்கூல்ல வரைஞ்சோம்.” எனக்கும் இந்தச் சொல் அவளுடைய கணக்கு நோட்டில்தான் பழக்கம்.

பரிமாறுபவரிடம் கேட்டோம். அவர் உள்ளே போய், சமைக்காத மீனைத் தட்டோடு தூக்கி வந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. தட்டை உடம்பு, ஓரம் முழுக்க விரிந்த துடுப்பு, நடுவில் அகன்று தலையிலும் வாலிலும் ஒடுங்கும் உருவம். நம் வவ்வால் மீனுக்கும் உருவத்தை வைத்துத்தானே பெயர்! ஆனால் வவ்வால் நிமிர்ந்து நீந்தும். இது நாக்குமீன் போலக் கடலடியில் படுத்துக் கிடப்பது. இரண்டு கண்ணும் இடப்பக்கமே. மேல்தோலில் ஆணித்தலை மாதிரி எலும்புக் குமிழ்கள். அதனால் ‘ரோம்போ கியொதாத்தோ’, அதாவது ஆணியடித்த ரோம்போ. குமிழில்லாத இன்னொரு வகை ‘ரோம்போ லிஷோ’, வழுவழு ரோம்போ.

விலை ‘எத்தோ’ கணக்கு, அதாவது 100 கிராமுக்கு. வேறோர் ஊரில் இது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். இங்கே கேட்காமலே எடை போட்டுக் காட்டினார்கள்: 1 கிலோ 200 கிராம். பண்ணை மீன் இல்லை, கடலில் பிடித்தது என்றும் சொன்னார்கள். இந்த நேர்மைக்காகவே மறுபடி போவேன்.

மெல்லிய உருளைக்கிழங்கு வில்லைகள் மேல் மீனை முழுசாக வைத்து, தக்காளியும் கறுப்பு ஆலிவும் சேர்த்து அடுப்பில் சுட்டிருந்தார்கள். சதை வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, ஏடு ஏடாகப் பிரிந்தது. துடுப்போரத்துப் பிசுபிசுப்பை விட்டுவிடாதீர்கள், ருசியெல்லாம் அங்கேதான். கிழங்கில் மட்டும் உப்பு ஒரு கல் கூடுதல்.

முள்ளெடுத்துக்கொண்டே அவர் ஒரு கதை சொன்னார். இதே அங்கோனாவில் சிக்கிய ஒரு ராட்சத ரோம்போவை ரோமப் பேரரசன் டொமிஷியனுக்குக் கொண்டுபோனார்களாம். அதைச் சமைக்கப் பெரிய பாத்திரம் இல்லை. என்ன செய்வதென்று அவன் மந்திராலோசனையே கூட்டினானாம். சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் ஒரு ரோமானியக் கவிஞர் எழுதிய அங்கதம் அது. அப்போது கடல் பக்கம் இடி உருண்டது. “அதுவும் ரோம்போதான்” என்றார். இடி, எஞ்சின் உறுமலுக்கும் அதே சொல்லாம். மகள் கைதுடைக்கும் காகிதத்தில் சாய்சதுரம் வரைந்து, அதற்குக் கண் வைத்தாள். இரண்டு கண்ணும் இடப்பக்கம்.

சுட முக்கால் மணி நேரம் ஆகிறது. போனில் சொல்லிவிட்டுப் போங்கள்.