ஸ்பீக்கருக்கு ஏற்ற பவர் ஆம்ப்: வேலூர் வெயிலில் நீண்டநாள் ஓட்டியதில் தெரிந்தவை

வாட் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்குவது பாதிப் பணத்தை வீணாக்கும் வழி. கேஇஎஃப் எல்எஸ்50 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்திறன் 85 டெசிபல், 2.83 வோல்ட் (8 ஓமில் ஒரு வாட்) கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து வீட்டு ஹாலில் உட்காரும் இடம் பத்தடி தூரம் இருக்கும். தூரத்தில் குறைவதை (சுவர்கள் எதிரொலிப்பதால் அறைக்குள் சுமார் 6 டெசிபல் என்று வைத்து) கழித்து, இரண்டு ஸ்பீக்கருக்கு 3 டெசிபல் கூட்டினால் ஒரு வாட்டுக்கே காதில் 82 டெசிபல் அளவு விழும். நிதானமாகக் கேட்கும் சராசரி 75. அதற்குக் கால் வாட்கூட ஆகாது. தவில் அடி ஓங்கி விழும்போது சத்தம் 20 டெசிபல் எகிறும் என்று வைத்தால் 20 வாட். இன்னும் 5 டெசிபல் ஏற்றிக் கேட்பவருக்கு 63 வாட். 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். பிஎம்பிஓ (ஒரு கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பர வாட்) கணக்கைப் படிக்கவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. இதே ஸ்பீக்கரின் பெட்டியில் 8 ஓம் என்றுதான் இருக்கும், ஆனால் சில அதிர்வெண்களில் 3.2 வரை இறங்கும். 20 வோல்ட் போகும்போது 8 ஓமில் 2.5 ஆம்பியர் இழுக்கிற ஸ்பீக்கர், அந்த இடத்தில் 6.25 ஆம்பியர் கேட்கும். கொடுக்க முடியாத ஆம்ப் கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), இல்லையென்றால் பாதுகாப்பு சர்க்யூட் வெட்டும். கிளிப் ஆனால் முதலில் போவது ட்வீட்டர், கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர். அதனால் 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 100க்கு மேல் என்று எழுதியிருக்கும் ஆம்ப், 8 ஓமில் மட்டும் 100 என்று போட்டு 4 ஓமைப் பற்றி மூச்சுவிடாத ஆம்பைவிட நம்பகமானது. 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) சொன்ன வாட்டையும் நம்பாதீர்கள்.

அசெம்பிள் செட் போடுபவர்கள் எல்எம்3886 என்ற ஆம்ப் ஐசிக்கு 24-0-24 (இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி) டிரான்ஸ்பார்மர் கொடுப்பார்கள். 4 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கு அது அதிகம். ஐசியின் உள்பாதுகாப்பு குறுக்கிட்டுச் சடசடக்கும். 20-0-20 போதும், டிசி ஆக்கியபின் ±28 வோல்ட் அளவில் நிற்கும். ஃபில்டர் கெபாசிட்டர் + பக்கம், - பக்கம் ஒவ்வொன்றுக்கும் 10,000 மைக்ரோஃபாரட், கண்டிப்பாக 50 வோல்ட். ராத்திரி லைன் 250க்கு ஏறினால் ±30ஐத் தாண்டும். 35 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் மிச்ச இடைவெளி போதாது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் 200க்கு விழுந்தால் கிடைக்கும் பவர் முக்கால் பங்குதான். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மட்டும் ஓட்டாதீர்கள், டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) உறுமும், சூடேறும்.

அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவு சாத்தி கிளாஸ் ஏபி ஆம்பை (சூடு அதிகம் வரும் வழக்கமான வகை) வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதி. மேலே நாலு அங்குலம் வெளி விடுங்கள், வாங்கும்போதே 105 டிகிரி வகை கேளுங்கள். ஏசி இல்லாத அறையா, சூடு குறைவான கிளாஸ் டி வகை எடுங்கள். டிபிஏ3116 ஐசி போட்ட கிளாஸ் டி போர்டு அதிகம் சூடாகாது. ஆனால் 24 வோல்ட் அடாப்டரில் அதன் “50+50” என்பது 4 ஓமுக்கு; 8 ஓமில் சுத்தமாக வருவது 30 வாட் பக்கம்தான். ஸ்பீக்கர் ஓம் மாறினால் மேல் ஸ்தாயியும் கொஞ்சம் மாறும், இதன் பலவீனம் அது.

கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஃபிளெக்ஸிபிள் போதும். அதற்கு மேல் செலவழிப்பது உங்கள் இஷ்டம்.

நாலைந்து வருஷத்தில் கைவைக்கிற இடம் ஸ்பீக்கர் ரிலே, ஆம்புக்குள் ஸ்பீக்கரை இணைத்து வெட்டும் சுவிட்ச். சத்தம் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் மங்கும், வால்யூமைத் திருகினால் டக்கென்று திரும்பும். கான்டாக்ட் கிளீனர் சில வாரம் தாங்கும். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் காயில் வோல்ட், ஆம்பியர் பார்த்து அதே ரிலேயைப் புதிதாகப் போடுவதே தீர்வு. பின்பக்கத் துளைகளுக்கு நைலான் வலை ஒட்டுங்கள். பல்லி உள்ளே போய் அவுட்புட் டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே ஷார்ட் ஆவது நம் பக்கத்தில் சாதாரணம். கோடையில் ஹம் (ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல்) வந்தால் ஆம்பைப் பிரிக்கும் முன் எர்த் குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாறை கலந்த மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும்.

பழைய ஆம்ப் வாங்குகிறீர்களா? ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அவுட்புட் முனையில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். அங்கே டிசி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 50க்குள் இருந்தால் பேரம் பேசலாம். 100ஐத் தாண்டினால் ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.