வலைப்பதிவுக்கு எந்த வருகைக் கணக்கி? ஓர் ஒப்பீட்டு அலசல்

வலைப்பதிவுக்கு வருபவர்களை எண்ணும் கருவிகளான கூகுள் அனலிட்டிக்ஸ், மடோமோ, பிளாசிபிள், கோட்கவுண்டர் ஆகிய நான்கையும், சர்வரின் பதிவேட்டையே (தளத்தைத் தாங்கும் கணினி தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்துவைக்கும் கோப்பு) படித்துக் கணக்கிடும் கோஆக்சஸையும் ஒரே வலைப்பதிவில் ஒரே மாதத்துக்கு ஓடவிட்டால், ஐந்தும் ஐந்து வேறு எண்களைக் காட்டும். எந்தக் கருவியும் பொய் சொல்வதில்லை. ‘ஒரு வாசகர்’ என்று யாரைக் கொள்வது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது. தனிமனிதராகப் பதிவு எழுதும் ஒருவர் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த விதியைத்தான் என்பது என் கருத்து. விலையும் தோற்றமும் அதற்குப் பிறகே வரும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 2005-ஆம் ஆண்டு, அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் கூகுள் வாங்கியதன் வழியாகப் பிறந்தது. வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதை அறியச் சுட்டிகளின் வாலில் நாம் இன்றும் ஒட்டும் ‘யுடிஎம்’ குறியின் முதல் எழுத்து அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். இப்போதுள்ள நான்காம் பதிப்பு 2020 அக்டோபரில் வெளியானது; பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. இந்தக் கருவி வாசகரின் பிரவுசரில் இரண்டு ஆண்டுக் காலக்கெடு கொண்ட ஒரு குக்கியை (அடையாளம் காண உதவும் சிறு கோப்பு) வைக்கிறது. அதே குக்கி மீண்டும் தென்பட்டால் ‘திரும்பி வந்தவர்’ என்று முடிவு செய்கிறது. கேட்பதற்கு உறுதியான முறையாகத் தோன்றினாலும், ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் இத்தகைய குக்கிகளை ஏழு நாளில் அழித்துவிடுவதால், ஐபோனில் பத்து நாளைக்கொரு முறை வந்து படிக்கும் நெடுநாள் வாசகர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே பதிவாகிறார். யுபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான்களை வைத்திருப்பவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

நான்காம் பதிப்பில் நான் மனமாரப் பாராட்டும் மாற்றம் ஒன்று உண்டு. பழைய பதிப்பு, ஒருவர் ஒரு பக்கத்தில் செலவிட்ட நேரத்தை அவர் அடுத்த பக்கத்தைத் திறக்கும் நேரத்தை வைத்தே கணித்தது. ஆகவே மூவாயிரம் சொற்கள் கொண்ட கட்டுரையைப் பதினைந்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு, வேறெதையும் சொடுக்காமல் மூடிவிட்டுப் போனவரின் நேரம் பூஜ்யம் என்றே காட்டியது. வந்த வேகத்தில் ஓடிப்போனவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்தது. நீண்ட கட்டுரை எழுதுபவர்களுக்கு இது பெரும் அநீதி. புதிய பதிப்பு, பக்கம் திரையின் முன்னணியில் இருந்த நேரத்தை அளக்கிறது; பத்து விநாடிக்கு மேல் நீடித்த வருகையை ஈடுபாடுள்ள வருகையாகக் கொள்கிறது.

ஆனால் அதன் மற்றப் பட்டியல்களைத் திறந்தால், இது பொருள் விற்பவர்களுக்காகவும் விளம்பரம் கொடுப்பவர்களுக்காகவும் கட்டப்பட்டது என்பது உடனே விளங்கும். எந்தப் பதிவு அதிகம் படிக்கப்பட்டது என்ற எளிய கேள்விக்கு விடை காண நான்கைந்து இடங்களில் சொடுக்க வேண்டியிருக்கிறது. நுணுக்கமான ஆய்வுக்கு உதவும் தரவை அது இயல்பாக இரண்டு மாதமே வைத்திருக்கும். அமைப்பில் போய் மாற்றினாலும் இலவசக் கணக்கில் பதினான்கு மாதமே எல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வாசகர்களில் ஒரு பகுதியினர் பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே போன்ற நாடுகளில் வாழ்கிறார்கள். அங்குள்ள சட்டப்படி, இத்தகைய குக்கியை வைக்கும் முன் வாசகரின் இசைவைப் பெற வேண்டும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 பிப்ரவரியில், கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாக வாசகர் விவரம் அமெரிக்காவுக்குப் போவதை விதிமீறல் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய ஏற்பாட்டுக்கு வந்தன என்றாலும், இசைவு கேட்கும் கடமை நீங்கவில்லை. ஒரு சிறுகதையைப் படிக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி ஒப்புதல் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை.

மடோமோ 2007-இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி, 2018-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்த மூல மென்பொருள்; பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் உள்ள ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) நாமே நிறுவிக்கொள்ளலாம்; தரவு முழுவதும் நம் கையில் இருக்கும். குக்கி இல்லாமலும் இயக்கலாம். உரியபடி அமைத்தால் இசைவு கேட்காமலே பயன்படுத்தலாம் என்று அதே பிரெஞ்சு ஆணையம் ஏற்றுக்கொண்ட கருவிகளில் இதுவும் ஒன்று. குறை என்னவென்றால், ஒவ்வொரு வருகையும் தரவுத்தளத்தில் தனித்தனி வரிகளாகச் சேர்ந்துகொண்டே போகும். பலர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இதை நிறுவிப் பழைய வரிகளை அழிக்கும் அமைப்பை இயக்க மறந்திருந்தபோது, என் பதிவுகளைவிட அவற்றின் வருகைக் கணக்கே பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பிளாசிபிளும் கோட்கவுண்டரும் வேறு வழியில் செல்கின்றன. இரண்டுமே குக்கி வைப்பதில்லை. பிளாசிபிள், வாசகரின் ஐபி முகவரி, பிரவுசர் விவரம், தளத்தின் பெயர் ஆகியவற்றோடு அன்றாடம் மாறும் ஓர் எண்ணைக் கலந்து, மீட்டெடுக்க முடியாத ஒரு குறியாக்கி வைக்கிறது. மறுநாள் அந்த எண் அழிக்கப்பட்டுவிடும். எனவே இன்று வந்தவரே நாளையும் வந்தால் இரண்டு பேராகவே எண்ணப்படுவார். மாதத்துக்கு இத்தனை வாசகர் என்று அது காட்டும் எண், உண்மையைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. நாள் கணக்கில் பார்த்தால் அந்தச் சிக்கல் இல்லை. பிளாசிபிளின் சேவைக்குக் கட்டணம் உண்டு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் அதன் சமூகப் பதிப்பை இலவசமாக நிறுவலாம். கோட்கவுண்டர் எட்டு மணி நேரத்துக்கு மட்டுமே ஒருவரை அடையாளம் வைத்துக்கொள்கிறது. வணிக நோக்கமற்ற சிறு தளங்களுக்கு இலவசம். திறந்தவுடன் ஒரே பக்கத்தில் பதிவுகளின் பெயரும் எண்ணும் வந்த வழியும் கிடைக்கின்றன.

சர்வர் பதிவேட்டைப் படிக்கும் கோஆக்சஸுக்கு வாசகரின் பிரவுசரில் எந்த நிரலும் தேவையில்லை. ஆகவே விளம்பரத் தடுப்பானாலும் அதை மறைக்க இயலாது. அதே காரணத்தால் தேடுபொறிகளின் பாட்களும் (தாமாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) திருட்டு பாட்களும் அதில் வந்து குவிகின்றன. தமிழில் பக்க முகவரி வைத்தவர்களுக்குப் பதிவேட்டை நேரடியாகப் பார்ப்பது ஒரு சோதனை: உயிர்மெய்க் குறியும் புள்ளியும் உட்பட ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது குறிகளாக விரிவதால், ஐந்து குறிகள் கொண்ட ‘தமிழ்’ என்ற ஒரே சொல் நாற்பத்தைந்து குறிகளாக நீண்டு கிடக்கும். ஆயினும் மற்றவை காணாத ஒன்றை இது காட்டும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஃபீட்லி போன்ற ஓடைத்திரட்டிகள் நம் ஓடையை (புதிய பதிவுகளின் பட்டியலை) எடுக்க வரும்போது, தம்மிடம் எத்தனை சந்தாதாரர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டுப் போகின்றன. பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ்.காமின் இலவசக் கணக்கிலும் எழுதுபவர்களுக்குப் பதிவேடு கைக்கு வராது என்பதால் இந்த வழி அடைபட்டது.

வாட்ஸ்அப் விஷயத்தில் மட்டும் எல்லாக் கருவிகளும் ஒன்றுபோலக் கைவிரிக்கின்றன. அங்கிருந்து சுட்டியைத் தொட்டு வருபவர் வந்த வழி பெரும்பாலும் தெரிவதில்லை. அவர் ‘நேரடி வருகை’யில் சேர்க்கப்படுகிறார். நாமே குழுவில் பகிரும்போது யுடிஎம் குறியைச் சேர்த்தால் ஓரளவு விடை கிடைக்கும்.

வலைப்பதிவர் ஒருவர் உண்மையில் அறிய விரும்புவது இரண்டு: எது படிக்கப்படுகிறது, எங்கிருந்து வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் கோட்கவுண்டர் போதும் என்பது என் முடிவு. சர்வர் பராமரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிளாசிபிளின் சமூகப் பதிப்பும் நல்ல தேர்வே. பதிவின் வழியாகப் புத்தகமோ பயிற்சியோ விற்பவர்கள் மடோமோவை நாடலாம். எந்தத் தேடற்சொல் வாசகரைக் கொண்டுவந்தது என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அதற்குக் கூகுள் தேடலில் நம் தளம் தென்பட்ட விவரத்தைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை இணைத்துக்கொள்ள வேண்டும். அது பதினாறு மாதத் தரவை வைத்திருக்கிறது, வாசகரின் பக்கத்தில் எந்த நிரலையும் சேர்ப்பதில்லை. எதைத் தேர்ந்தாலும் மாதம் ஒருமுறை எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எண்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் பழைய அனலிட்டிக்ஸ் கணக்குகள் மூடப்பட்டபோது, அப்படி இறக்கி வைக்காதவர்களின் பல ஆண்டுக் கணக்கு மொத்தமாகப் போய்விட்டது.