ஏற்காட்டு மலையில் நாலு வருஷம்: சிடி4050 ஐசி

போன வாரம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குப் போய், ரிலே கருகிப்போன மோட்டார் போர்டைச் சரிசெய்துவிட்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்வரை அதில் இருக்கும் சிடி4050 என்ற பஃபர் ஐசி (சிக்னலை வாங்கி அப்படியே அடுத்த பகுதிக்குத் தருவது) மேல் கோபம் தீரவில்லை. 12 வோல்ட் சிக்னலை 3.3-க்கு இறக்க எதைப் போடலாம் என்று அம்மாபேட்டை நண்பர் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போர்டு நான் செய்ததுதான். தொட்டியின் மிதவை சுவிட்சுக்கு சோலார் பேட்டரி. நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் தொடும். பல பஃபர் ஐசிகளில் இன்புட், சப்ளையைத் தாண்டினால் உள்ளே இருக்கும் டையோடு வழியாகக் கரன்ட் சப்ளைக்குள் புகுந்துவிடும். 4050-இல் அந்த மேல்பக்க டையோடே கிடையாது. சப்ளை 3.3, இன்புட் 14.4, வெளியே வருவது சுத்தமான 3.3! வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஜீனர் டையோடு வேண்டாம், ரெசிஸ்டர் கணக்கு வேண்டாம். இதன் இன்னொரு வகையான 74ஹெச்சி4050-உம் இதைச் செய்யும்; ஆனால் அதற்கு இன்புட் 15 வோல்ட் வரைதான், சோலாருக்கு அது ரொம்ப நெருக்கம். நான் போட்ட சிடி4050பி 18 வரை தாங்கும்.

அப்புறம் அந்த ஒன்றாம் கால். 16 கால் ஐசி என்றால் சப்ளைக்குக் கை 16-க்குத்தான் போகும். இதில் சப்ளை 1-இல். 16 உள்ளே எதோடும் சேரவில்லை. இதற்கு முந்தைய பஃபர் ஐசியான 4010-க்கு 1, 16 இரண்டிலும் சப்ளை உண்டு, அதே இடத்தில் இதுவும் உட்கார வேண்டும் என்பதால் இப்படி. காரணம் தெரிந்தும் எரிச்சல் போகவில்லை. முதல் போர்டில் ட்ராக்கை வெட்டி ஒயர் இழுத்தேன். போன வாரமும் மீட்டரை முதலில் 16-இல்தான் வைத்தேன்.

ரிலேயைக் கெடுத்தது வேறு. தொட்டி தூரம் என்பதால் ஒயர் இரைச்சலுக்கு ஒரு கப்பாசிட்டர் போட்டிருந்தேன். சிக்னல் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். 4050-இல் ஷ்மிட் ட்ரிக்கர் (ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது வேறு எல்லை வைத்துத் துடிப்பைத் தடுப்பது) இல்லாததால் நடு வோல்ட்டைக் கடக்கும்போதெல்லாம் அவுட்புட் படபடவென்று துடிக்கும், ரிலேயும் கூடவே துடிக்கும். நாலு வருஷத்தில் கான்டாக்ட் தீய்ந்துவிட்டது. இப்போது முன்னால் ஷ்மிட் ட்ரிக்கர் உள்ள 40106 ஐசி ஒன்றை வைத்திருக்கிறேன்; அது சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதால் இரண்டு முறை தலைகீழாக்கிப் பழையபடி அனுப்புகிறேன். சும்மா கிடக்கும் இன்புட்களை கிரவுண்டில் கட்டியாயிற்று.

நண்பரே, வோல்டேஜ் இறக்க இதைவிட எளிய ஐசி எனக்குத் தெரியாது. ஏற்றுவதற்கு உதவாது, 3.3-லிருந்து 5-க்குப் போக 74ஹெச்சிடி வகை ஐசிகளைப் பாருங்கள். ஆனால் என் அடுத்த போர்டில் 4050 கிடையாது, சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர்தான். பெட்டியில் மிச்சமிருக்கும் ஒன்பதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.